ஒரு தட்டுக்கு ஓர் ஒப்பந்தம்

1979ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரத்து இசைக்குழு ஒன்று 700 பவுண்டு கடன் வாங்கி ஒலிப்பதிவுக்குப் போனது. ஒரு பாட்டைப் பதிவுசெய்வதற்குள் காசு கரைந்துவிட்டது. ஏழு அங்குலத் தட்டு என்றால் இரண்டு பக்கம் வேண்டும். பின்பக்கத்தில் போட இவர்களிடம் எதுவும் இல்லை. உள்ளூர் கிட்டார் கலைஞர் நியோல் டேவிஸ் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, பாடல் வரிகள் இல்லாத ஒரு மெட்டைப் பதிவுசெய்து வைத்திருந்தார். வெளியிட ஆளில்லாமல் கிடந்த அதைக் கேட்டு வாங்கிச் சேர்த்துக்கொண்டார்கள். முன்பக்கம், விரைவிலேயே ஸ்பெஷல்ஸ் என்று அறியப்பட்ட ‘த ஸ்பெஷல் ஏ.கே.ஏ.’ குழுவின் ‘கேங்ஸ்டர்ஸ்’, பின்பக்கம் ‘த செலக்டர்’. வெற்று உறையில் ரப்பர் முத்திரை குத்தி வந்த அந்தத் தட்டுதான் டூ டோன் நிறுவனத்தின் முதல் வெளியீடு. வழக்கமாகத் தட்டுக்கு ஒரு வரிசை எண்தான் இருக்கும். இதற்குப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு எண்கள்: டிடி 1, டிடி 2.

தட்டு பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் 6ஆம் இடம் வரை ஏறியது. பின்பக்கத்துக் குழு எங்கே என்று கேட்டால், அப்படி ஒரு குழுவே கிடையாது. டேவிஸ் அவசரமாக ஆள் சேர்த்து, மெட்டின் பெயரையே குழுவுக்கு வைத்தார். கோவென்ட்ரி மருத்துவமனையில் எக்ஸ்ரே பிரிவில் வேலைபார்த்துக்கொண்டிருந்த பாலின் பிளாக் பாட வந்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் செலக்டர் குழுவின் ‘ஆன் மை ரேடியோ’ 8ஆம் இடத்தில் இருந்தது. இட்டு நிரப்பச் சேர்த்த ஒரு பக்கம் ஒரு குழுவையே பெற்றெடுத்தது.

டூ டோனைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதன் கறுப்பு வெள்ளைக் கட்டங்களிலும், ஒடுக்கமான சூட்டிலும், போர்க் பை தொப்பி என்று அழைக்கப்பட்ட அந்தச் சின்னத் தொப்பியிலும் நின்றுவிடுகிறார்கள். அது சிங்கிளை, அதாவது அந்த ஏழு அங்குலத் தட்டை, நம்பிய விதம்தான் எனக்கு முதன்மையாகப் படுகிறது. நீளத்தட்டு, அதாவது எல்.பி., ஒரு குழுவின் சொத்து. சிங்கிள் அப்படியில்லை, மூன்று நிமிடத்தில் சொல்ல ஒரு விஷயம் இருப்பவர் யாரும் அதில் இடம் கேட்கலாம், கைச்செலவுக் காசில் பள்ளிப் பிள்ளையும் அதை வாங்கலாம். இந்த இரண்டையும் ஒரு கொள்கையாகவே பிடித்துக்கொண்ட நிறுவனங்கள் மிகச் சில.

அந்தக் கொள்கைக்குச் சொந்தக்காரர், ஸ்பெஷல்ஸ் குழுவையும் டூ டோனையும் நடத்திய ஜெர்ரி டாமர்ஸ். 1955இல் அவர் பிறந்தது நம் உதகமண்டலத்தில். தந்தை ஆங்கிலிக்கன் குருவானவர். அப்போது தென்னிந்தியாவில் பணியாற்றிக்கொண்டிருந்தார். பின்னால் அவர் கோவென்ட்ரி பேராலயத்துக்கும் அதன்பின் பிரிஸ்டலுக்கும் போனார். எளிய வாழ்க்கையை வலியுறுத்தி ஓர் இயக்கமும் தொடங்கினார். மகன் கோவென்ட்ரியில் லான்செஸ்டர் பாலிடெக்னிக்கில் ஓவியம் படித்தார். குழுவில் பேஸ் கிட்டார் வாசித்த ஹோரஸ் பான்டரைச் சந்தித்தது அங்கேதான்.

கோவென்ட்ரி கார் தொழிற்சாலைகளின் ஊர். 1940 நவம்பரில் ஜெர்மன் குண்டுவீச்சில் நகரின் மையமும் பேராலயமும் அழிந்தன. போருக்குப் பிறகு வேலைதேடி ஜமைக்காவிலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் வந்தவர்கள் அங்கே குடியேறினார்கள். எழுபதுகளின் இறுதியில் அந்தத் தொழிற்சாலைகள் ஆட்டம் கண்டன. நேஷனல் ஃப்ரண்ட் என்ற இனவெறிக் கட்சி வேலையில்லாத வெள்ளை இளைஞர்களை வளைத்துப்போட முயன்றுகொண்டிருந்தது. 1976இல் எரிக் கிளாப்டன் பர்மிங்காம் மேடையில் குடியேறிகளுக்கு எதிராகப் பேசியதும், அதற்கு எதிர்வினையாக ‘ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம்’ இயக்கம் எழுந்ததும் இந்தப் பின்னணியில்தான்.

டாமர்ஸ் கையில் எடுத்தது ஸ்கா என்ற ஜமைக்க இசை. ஐம்பதுகளின் இறுதியில் கிங்ஸ்டனில் பிறந்து, குடியேறிகளோடு பிரிட்டன் வந்து, ரெக்கேயின் வருகையால் பழசாகிப்போனது. நம் கச்சேரிக்காரர்கள் சொல்வதுபோல் அரை இடம் தள்ளி எடுப்பது அதன் இயல்பு. பாட்டு முழுக்க அடிக்கும் அடிக்கும் நடுவிலேயே கிட்டார் வெட்டிக்கொண்டிருக்கும். கேட்பவர் கால் சும்மா இருக்காது. அந்தத் தாளத்தோடு பங்க் இசையின் வேகத்தையும் கோபத்தையும் சேர்த்தார்கள். ‘கேங்ஸ்டர்ஸ்’ பாட்டே ஜமைக்கப் பாடகர் பிரின்ஸ் பஸ்டரின் ‘அல் கபோன்’ பாட்டின் மேல் கட்டியது. தொடக்கத்தில் கேட்கும் கார் டயர் கிரீச்சிடும் ஒலி பஸ்டரின் தட்டிலிருந்தே வந்தது. எங்கிருந்து எடுத்தோம் என்பதை அவர்கள் ஒருபோதும் மறைக்கவில்லை. மேட்னஸ் குழு டூ டோனுக்குத் தந்த ஒரே சிங்கிளான ‘த பிரின்ஸ்’ பஸ்டருக்குச் செய்த மரியாதை. பின்பக்கத்தில் பஸ்டரின் பாட்டு. ‘எ மெசேஜ் டு யு, ரூடி’யை ஸ்பெஷல்ஸ் மறுபடி பாடியபோது, 1967இல் வந்த மூலப் பதிவில் டிராம்போன் ஊதிய ரிக்கோ ரோட்ரிகெஸையே அழைத்து ஊதவைத்தார்கள். மூத்த கலைஞரைத் தேடிப்பிடித்துப் பக்கத்தில் நிற்கவைத்த அந்தச் செயல் எனக்கு மிகவும் பிடித்தமானது.

முதல் தட்டு ஓடியதும் பெரிய நிறுவனங்கள் வரிசையில் நின்றன. டாமர்ஸ் கிரிசாலிஸ் நிறுவனத்துடன் கைகோத்தார். ஸ்பெஷல்ஸ் வேண்டுமென்றால் டூ டோனையும் சேர்த்து ஏற்க வேண்டும் என்பது அவர் நிபந்தனை. செலவை கிரிசாலிஸ் பார்த்துக்கொள்ளும், யாரை வெளியிடுவது என்பதை கோவென்ட்ரி முடிவுசெய்யும். புதிய குழுக்களுக்கு டூ டோன் கொடுத்த ஒப்பந்தம் அந்தத் தொழிலின் வழக்கத்துக்கு மாறானது. ஒரு சிங்கிள் செய்துகொடு, பிறகு உன் விருப்பம். பல ஆண்டுகளுக்குக் கலைஞர்களைக் கட்டிப்போட்டே பிழைத்த தொழில் அது. மேட்னஸ் ஒரு தட்டோடு ஸ்டிஃப் நிறுவனத்துக்குப் போனது. பர்மிங்காமின் த பீட் குழு ‘டியர்ஸ் ஆஃப் எ கிளவுன்’ பாட்டில் 6ஆம் இடம் பிடித்து, ‘கோ ஃபீட்’ என்று சொந்த நிறுவனமே தொடங்கிவிட்டது. தாராள மனம்தான் நிறுவனத்தைத் தேய்த்தது. கட்டிப்போட்டிருந்தால் டூ டோன் இன்னும் நீண்டிருக்கலாம். ஆனால் அது டூ டோனாக இருந்திருக்காது.

தட்டின் நடுவிலும் உறையிலும் கறுப்புச் சூட்டும் வெள்ளைச் சட்டையுமாக ஒருவன் நிற்பான். பெயர் வால்ட் ஜாப்ஸ்கோ. டாமர்ஸிடம் இருந்த ஒரு பழைய பௌலிங் சட்டையில் தைத்திருந்த பெயர் அது. உருவம், வெய்லர்ஸ் குழுவின் பழைய ஆல்பம் ஒன்றின் அட்டையில் பீட்டர் டாஷ் நின்ற நிலையைப் பார்த்து வரைந்தது. பெரும்பாலான குழுக்களுக்கும் அதே உறை. பாடகர் முகத்தைத் தேடாமல் உறையைப் பார்த்தே வாங்கினார்கள் பிள்ளைகள்.

1979 நவம்பரில் பி.பி.சி.யின் ‘டாப் ஆஃப் த பாப்ஸ்’ நிகழ்ச்சியில் ஸ்பெஷல்ஸ், செலக்டர், மேட்னஸ் மூன்றும் ஒரே இரவில் தோன்றின. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் ‘டூ மச் டூ யங்’ முதலிடம் பிடித்தது. மேடையில் நேரடியாகப் பதிவான ஐந்து பாட்டுகள் கொண்ட இ.பி. அது, தலைப்புப் பாட்டு இரண்டு நிமிடத்தைச் சற்றே தாண்டும். பின்பக்கம் முழுவதும் கோவென்ட்ரியின் டிஃபனிஸ் அரங்கத்தில் பதிவானது. இந்த இ.பி.யின் டிடி 7 என்ற எண்ணிலேயே பாடகர் எல்விஸ் காஸ்டெல்லோவின் தட்டு ஒன்றும் அச்சானது. வேறொரு நிறுவனம் நீதிமன்றத் தடை வாங்கியதால் அது கடைக்கு வரவில்லை. நிகழ்ச்சிகளில் இலவசமாகக் கொடுத்துத் தீர்த்தார்கள். இன்று சேகரிப்பாளர்கள் அதைத் தேடி அலைகிறார்கள்.

1981இன் ‘கோஸ்ட் டவுன்’ இந்த நிறுவனத்தின் உச்சம். லெமிங்டன் ஸ்பாவில் ஒரு சின்ன ஸ்டூடியோவில் ஜான் காலின்ஸ் தயாரிப்பில் பதிவானது. சுற்றுப்பயணத்தில் லிவர்பூலில் பூட்டிக்கிடந்த கடைகளையும், கிளாஸ்கோவில் வீட்டுச் சாமான்களைத் தெருவில் பரப்பி விற்ற மூதாட்டிகளையும் பார்த்ததிலிருந்து பாட்டு பிறந்ததாக டாமர்ஸ் சொல்லியிருக்கிறார். அந்த ஆண்டு ஏப்ரலில் லண்டனின் பிரிக்ஸ்டன் கலவரத்தில் எரிந்தது. ஜூலையில் சவுத்தால், டாக்ஸ்டெத், மாஸ் சைடு. கலவரச் செய்திகளுக்கு நடுவே பாட்டு மூன்று வாரம் முதலிடத்தில் இருந்தது. அந்தத் தட்டைத் திருப்பிப் போட்டால் லின்வல் கோல்டிங் எழுதிய ‘ஒய்?’ வரும். ஜமைக்காவில் பிறந்த அவரை லண்டனில் இனவெறியர்கள் தாக்கினார்கள். தாக்கியவர்களிடம் ஏன் என்று கேட்கும் பாட்டு. முன்பக்கம் ஒரு நாட்டின் நிலை, பின்பக்கம் ஒரு மனிதனின் காயம். இரண்டையும் சேர்த்துக் கேட்காதவர் அந்தத் தட்டைப் பாதிதான் கேட்டிருக்கிறார்.

அதே ஆண்டு ஏப்ரலில் கோவென்ட்ரியின் நடுவில் பஞ்சாபி மாணவர் ஒருவரை இனவெறியர்கள் குத்திக் கொன்றார்கள். ஜூனில் ஸ்பெஷல்ஸ் தங்கள் ஊரிலேயே இன நல்லிணக்கத்துக்காக இசை நிகழ்ச்சி நடத்தினார்கள். அந்த நேர்மையில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கறுப்பும் வெள்ளையும் என்ற சின்னத்தில் மாநிறத்துக்கு இடம் எங்கே என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. நகரத்தில் பெருந்தொகையாக வாழ்ந்த, தெருவில் அடிபட்டுக்கொண்டிருந்த தெற்காசியர்களின் இசை இந்தத் தட்டுகளில் கேட்கவில்லை. ஊட்டியில் பிறந்தவர் நடத்திய நிறுவனம் என்பதால் இந்தக் குறை நமக்குக் கூடுதலாக உறுத்துகிறது.

‘கோஸ்ட் டவுன்’ முதலிடத்தில் இருந்த நாட்களிலேயே ஸ்பெஷல்ஸ் உடைந்தது. டெரி ஹால், நெவில் ஸ்டேப்பிள், கோல்டிங் மூவரும் விலகி ‘ஃபன் பாய் த்ரீ’ தொடங்கினார்கள். அதற்குப் பிந்தைய டூ டோன் தட்டுகளைப் பலர் பின்குறிப்பாகத் தள்ளிவிடுகிறார்கள். இது அநியாயம். 1982இல் வந்த ‘த பாய்லர்’ அவற்றில்தான் இருக்கிறது. முழுக்கப் பெண்களே இருந்த பாடிஸ்னாட்சர்ஸ் குழுவின் பாடகி ரோடா டகார், பாலியல் வன்முறைக்கு ஆளான ஒரு பெண்ணின் குரலில் பேசிக்கொண்டே போய் அலறலில் முடிக்கும் தட்டு அது. வானொலிகள் ஒலிபரப்பத் தயங்கின. அப்படியும் 35ஆம் இடம் வரை வந்தது. நடனத் தட்டுகளை வெளியிட்ட அதே பெயரில் இதையும் வெளியிடத் துணிவு வேண்டும்.

1984இல் ‘நெல்சன் மண்டேலா’. முந்தைய ஆண்டு லண்டன் அலெக்ஸாண்ட்ரா பேலஸில் மண்டேலாவின் 65ஆவது பிறந்தநாளையொட்டி நடந்த இசை நிகழ்ச்சிக்குப் போன பிறகு டாமர்ஸ் எழுதியது. தயாரித்தவர் காஸ்டெல்லோ. சிறையில் இருபது ஆண்டுகளைக் கடந்துவிட்ட ஒருவரின் விடுதலையைக் கோரும் பாட்டு ஆப்பிரிக்க இசையின் துள்ளலோடு வந்து 9ஆம் இடம் பிடித்தது. அந்தப் பாட்டு இடம்பெற்ற ஆல்பத்தை டாமர்ஸ் ஆண்டுக்கணக்கில் செதுக்கியதில் கிரிசாலிஸிடம் பெருங்கடன் ஏறியிருந்தது. மற்றவர்களுக்கு ஒரு தட்டோடு விடுதலை கொடுத்தவர் தன் ஒப்பந்தத்திலிருந்து வெளியேற முடியாமல் சிக்கிக்கொண்டார். 1986இல் டூ டோன் நின்றுபோனது. அதே ஆண்டு டாமர்ஸ் பிரிட்டனில் ‘ஆர்ட்டிஸ்ட்ஸ் அகெய்ன்ஸ்ட் அபார்த்தைட்’ அமைப்பைத் தொடங்கினார். 1988 ஜூனில் லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் நடந்த மண்டேலா 70ஆவது பிறந்தநாள் இசை நிகழ்ச்சிக்கு வழிவகுத்தவர்களில் அவரும் ஒருவர்.