ஊரார் வீட்டு நெய்

2024 மார்ச்சில் பத்திரிகைகள் ஒரு செய்தியைக் கொண்டாடின: பெர்லின் டெக்னோவை யுனெஸ்கோ பாரம்பரியமாக அறிவித்துவிட்டது. உண்மையில் நடந்தது அதைவிடச் சின்னது. ஜெர்மனி தன் நாட்டுக்கென்று வைத்திருக்கும் பண்பாட்டு மரபுப் பட்டியலில் பெர்லினின் டெக்னோ பண்பாட்டைச் சேர்த்துக்கொண்டது, அவ்வளவுதான். உலகப் பட்டியல் வேறு, இது வேறு. இந்தக் குழப்பத்தைக்கூட மன்னித்துவிடலாம். அதன் பின்னால் வரிசைகட்டி வந்த கட்டுரைகளைத்தான் மன்னிக்க முடியவில்லை. இருண்ட டெக்னோ பெர்லினில் பிறந்தது, பழைய மின்நிலையக் கட்டடத்தில் இயங்கும் பெர்க்ஹைன் கிளப்பில் வளர்ந்தது, கறுப்புச் சட்டை மாட்டிக்கொண்டு உலகம் சுற்றுகிறது என்று ஒரு தலபுராணமே பாடிவிட்டார்கள்.

ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். பெர்லின் தாராளமாகப் பரிமாறியது; அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். நெய் வந்தது டெட்ராய்ட்டிலிருந்தும் பர்மிங்காமிலிருந்தும். கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் வந்த ஆல்பங்களைப் பற்றி எழுத உட்கார்ந்தவன் இந்தப் பழைய கணக்கைத் தூசிதட்டக் காரணம் உண்டு. அவற்றில் எது தேறும், எது தேறாது என்பது இந்தக் கணக்கைப் பார்த்தால்தான் பிடிபடுகிறது.

முதல் அத்தியாயம் இண்டஸ்ட்ரியல் இசை. எல்லோருக்கும் மனப்பாடம், ஓடிக் கடந்துவிடலாம். 1976இல் லண்டன் ஐசிஏ அரங்கில் கண்காட்சி வைத்து, நாகரிகத்தையே நாசம் செய்பவர்கள் என்று ஒரு நாடாளுமன்ற உறுப்பினரிடம் பட்டம் வாங்கிய த்ராபிங் கிரிசில். மறுவருடம் முதல் அச்சில் 785 பிரதிகள் மட்டும் போட்ட அவர்களுடைய முதல் ஆல்பம். ஷெஃபீல்டில் காப்ரே வோல்டேர். மேற்கு பெர்லினில் துளைப்பானும் இரும்புத் தகடுமாக வந்து நின்ற ஐன்ஸ்டுர்ட்சென்டே நொய்பாட்டன். பெல்ஜியத்தில் ஃப்ரன்ட் 242. காப்ரே வோல்டேரின் கிறிஸ் வாட்சன் 1981இல் குழுவை விட்டுப் போய்ப் பறவைகளையும் காட்டையும் ஒலிப்பதிவு செய்பவரானார். அது வேறு கதை, ஆனால் காது அதே காதுதான்.

இந்தக் கூட்டத்தில் எனக்கு நெருக்கமானது டெஸ்ட் டிபார்ட்மென்ட். மற்றவர்கள் தொழிற்சாலையை ஒரு படிமமாக எடுத்துக்கொண்டபோது, 1984-85 சுரங்க வேலைநிறுத்தத்தின் நடுவில் இவர்கள் தெற்கு வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர்களின் பாடகர் குழுவோடு சேர்ந்து ஆல்பம் போட்டார்கள். இரும்பைத் தட்டுகிறவனும் இரும்பால் பிழைக்கிறவனும் ஒரே தட்டில் சேர்ந்தது அங்கேதான்.

டெட்ராய்ட்டைச் சில வரிகளில் கடப்பது பாவம். ஆனாலும் வேறு வழியில்லை. 1950இல் 18 லட்சத்துக்கும் மேல் மக்கள் இருந்த கார் நகரம் காலியாகிக்கொண்டிருந்தபோது எழுந்த இசை டெக்னோ. நம் விமர்சகர்கள் விட்டுவிடுகிற ஒரு விவரத்தை மட்டும் சொல்கிறேன். டெக்னோவின் மந்திரவாதி என்று போற்றப்படும் ஜெஃப் மில்ஸ், அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ் என்ற டெட்ராய்ட் குழுவுக்கு முன்னால் ஃபைனல் கட் என்ற இண்டஸ்ட்ரியல் குழுவில் இருந்தார்; 1989இல் அவர்கள் ஆல்பம் வந்தது. டெக்னோவுக்கும் இண்டஸ்ட்ரியலுக்கும் கல்யாணம் பேசி முடித்தது பெர்லின் என்று சொல்வதற்கு இந்த ஒரு பெயரே பதில். 1991இல் பெர்லினில் வெர்ட்ஹைம் என்ற பழைய பல்பொருள் அங்காடியின் நிலவறைப் பெட்டக அறையில் ட்ரெசர் கிளப் திறந்தது. அதே வருடம் தொடங்கிய அதன் லேபிளின் முதல் இசைத்தட்டு எக்ஸ்-101. போட்டவர்கள் டெட்ராய்ட்காரர்கள்.

பர்மிங்காமுக்கு வருவோம். டோனி ஐயோமி 17 வயதில், தகட்டு ஆலை ஒன்றில் தன் வேலையின் கடைசி நாளில், வலக்கை விரல்நுனிகள் இரண்டை இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டு வந்தார். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செய்துகொண்டு கிடார் வாசித்தார். பிறகு தந்தியின் முறுக்கைத் தளர்த்தினார். அவருடைய பிளாக் சப்பாத் குழுவின் கனத்த ஒலி உருவானதில் அந்த விபத்துக்குப் பங்கு உண்டு. அதே ஊர்ப்பக்கத்திலிருந்துதான் நேபாம் டெத் குழு வந்தது. ட்ரம்ஸ் வாசிப்பவரை வைத்துக்கொள்ளாமல் ட்ரம் மெஷினை சம்மட்டிபோல ஓங்கவிட்ட காட்ஃப்ளெஷும் அங்கிருந்துதான். நேபாம் டெத்தின் பழைய ட்ரம்மர் மிக் ஹாரிஸின் ஸ்டூடியோவில்தான் அந்தோணி சைல்ட் என்ற இளைஞர் தன் முதல் இசைத்தட்டைப் பதிவுசெய்தார். சர்ஜன் என்ற பெயரில் 1994இல் அது வெளியானது. லேபிள் டவுன்வர்ட்ஸ், அதை நடத்தியவர்களில் ஒருவர் ரீஜிஸ் என்ற கார்ல் ஓ'கானர்.

பவர் பிரஸ் ஓடும் பட்டறைக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்களுக்கு ஒன்று தெரியும். நாள்பட்டால் சத்தம் பழகிவிடும். இரண்டு அடிகளுக்கு நடுவில் வரும் இடைவெளி மட்டும் பழகாது. அடுத்த அடி விழும் என்று தெரியும். அதற்குள் தகட்டை வைத்த கை வெளியே வந்திருக்க வேண்டும். சர்ஜனும் ரீஜிஸும் இசையாக்கியது அந்த இடைவெளியைத்தான். 1996இல் வந்த ரீஜிஸின் 'ஜிம்னாஸ்டிக்ஸ்' ஆல்பத்தில் திரும்பத் திரும்ப வரும் லூப் கிட்டத்தட்ட மாறுவதே இல்லை. மெட்டு இல்லை, உச்சம் இல்லை, கைதட்ட இடம் இல்லை. நான்காவது நிமிடத்தில் நம் உடம்பு அடுத்த அடிக்கு முன்பே சுருங்குவதைக் கவனிக்கலாம். இருட்டு என்றால் எனக்கு இதுதான். 1997, 98, 99 என்று மூன்று வருடமும் சர்ஜனின் ஆல்பங்களை வெளியிட்டது ட்ரெசர். பெர்லின் பெட்டகத்துக்குள் அந்த வருடங்களில் பரவிய இருட்டுக்கு பர்மிங்காம் விலாசம் ஒட்டியிருந்தது.

இன்றைய நிலவரத்துக்கு வரும் முன் கொஞ்சம் கணக்கு. நிமிடத்துக்கு 130 அடி என்றால் இரண்டு கிக்குகளுக்கு, அதாவது பெரிய ட்ரம்மின் இரண்டு அடிகளுக்கு, நடுவே 0.46 விநாடி கிடைக்கிறது. 160 அடி என்றால் 0.375 விநாடி. இந்த அரை விநாடிக்கும் குறைவான நிலத்தில்தான் இருண்ட டெக்னோ முழுக்கப் பயிராகிறது. கிக்கின் ஒரு நகலை ரிவர்ப்புக்குள் அனுப்புவார்கள். நீண்டு வரும் எதிரொலியின் மேல்பகுதியை ஃபில்டரால் சீவி, அடிப்பகுதியை மட்டும் வைத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு கிக் விழும்போதும் அது தலைகுனிந்து வழிவிட்டு, விழுந்த பிறகு மீண்டும் நிமிரும்படி செய்வார்கள். ரம்பிள் என்பது அதன் பெயர். எவ்வளவு நிமிர வேண்டும், எங்கே அடங்க வேண்டும் என்பது கேட்பவன் காதுக்கும் கூடத்தின் சுவருக்கும் உள்ள விவகாரம்.

இப்போது இந்த ரம்பிளைக் கிக்கோடு சேர்த்தே பொட்டலம் கட்டி விற்கிறார்கள். வாங்கி, வேகத்தை 150க்கும் 160க்கும் ஏற்றி, மிச்சமிருக்கும் கொஞ்ச இடைவெளியிலும் பழைய பாப் பாடல் ஒன்றின் குரலைத் திணித்தால் ஹார்ட் டெக்னோ தயார். செல்போன் காணொளிக்கு ஏற்ற சரக்கு. பதினைந்து விநாடிக்குள் ஒரு வெடிப்பு வந்தாக வேண்டும் என்பது அதன் இலக்கணம். இளைஞர்கள் ஆடுகிறார்கள், ஆடட்டும். இதை இருட்டு என்று மட்டும் என்னிடம் சொல்ல வேண்டாம். கல்யாண மண்டபத்தில் எல்லா விளக்கையும் போட்டுவிட்டுக் கறுப்புத் திரை கட்டியதுபோல இருக்கிறது.

எதிர்த்திசையில் நிற்பது சான்ட்வெல் டிஸ்ட்ரிக்ட். சான்ட்வெல் என்பது பர்மிங்காமை ஒட்டிய வட்டாரத்தின் பெயர், வெஸ்ட் ப்ராமிச் இருக்கும் இடம். ரீஜிஸ், ஃபீமேல் என்ற பீட்டர் சட்டன், அமெரிக்காவின் ஃபங்ஷன், லாஸ் ஏஞ்சலஸின் சைலன்ட் சர்வன்ட் என்று நான்கு பேர் அந்தப் பெயரில் கூடினார்கள். 2010இல் வந்த 'ஃபீட்-ஃபார்வர்ட்' ஆல்பத்தை நான் இன்றும் வருடத்துக்கு நாலைந்து முறையாவது கேட்கிறேன். சைலன்ட் சர்வன்ட் என்ற ஹுவான் மெண்டெஸ்தான் அவர்களுடைய தட்டுகளுக்கு முகம் கொடுத்தவர். கறுப்பு வெள்ளையில், ஒளிநகல் இயந்திரத்திலிருந்து சூடாக எடுத்ததுபோன்ற அட்டைகள். பின்னால் வந்த எத்தனையோ லேபிள்கள் அந்த அட்டையைக் காப்பியடித்தன. உள்ளே இருந்த நிதானத்தை யாரும் காப்பியடிக்கவில்லை, அது கடினம்.

மெண்டெஸ் 2024 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸில் இறந்துபோனார். அவரோடு அவருடைய துணைவியும், தி சாஃப்ட் மூன் என்ற பெயரில் இசையமைத்த லூயிஸ் வாஸ்கெஸும் இறந்தார்கள். 2025இல் ரீஜிஸும் ஃபங்ஷனும் 'எண்ட் பிகினிங்ஸ்' ஆல்பத்தை வெளியிட்டார்கள். ஒரு பாட்டுக்கு இறந்தவரின் மேடைப்பெயரையே சூட்டியிருக்கிறார்கள். ஒப்பாரி வைக்கும் ஆல்பம் இல்லை இது. கிக் முன்னால் வந்து நெஞ்சை நிமிர்த்துவதில்லை. பக்கத்து அறையில் யாரோ நடமாடுவதுபோல் கேட்கிறது. அதன்மேல் சிந்தசைசர் மெல்லிய திரையாக ஏறி இறங்குகிறது. குறை சொல்ல வேண்டுமானால், சில இடங்களில் மெருகு கூடிவிட்டது. 'ஃபீட்-ஃபார்வர்ட்' கையைக் கிழித்த இடத்தில் இது தடவிக்கொடுக்கிறது. ஆனாலும் இந்த இரண்டு மூன்று வருட விளைச்சலில் முதல் படி நெல் இதற்குத்தான்.

அடுத்த இடம் சர்ஜனின் 'க்ராஷ் ரீகாயில்', 2023, மறுபடியும் ட்ரெசர். மேடையில் கருவிகளை வைத்துக்கொண்டு அந்தந்த நேரத்தில் கட்டியவற்றிலிருந்து வளர்ந்த ஆல்பம். தொழிலில் முப்பது வருடம் போட்ட ஆள், கிக்கை நேர்கோட்டிலிருந்து அரை அடி தள்ளி வைத்துவிட்டு நம்மைத் தடுமாறவிடுகிறார். தாளம் நொண்டுகிறது, ஆனால் விழுவதில்லை. அதே வருடம் செப்டம்பரில் பர்மிங்காம் மாநகராட்சி, இனிச் செலவுக்குப் பணமில்லை என்று கைவிரித்தது. அதைப் பாட்டோடு முடிச்சுப்போட நான் ஆசைப்படவில்லை. இந்த இசையின் ஊர் எது என்று கேட்பவர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன்.

ரோஸ் என்ற அமெரிக்கக் கலைஞரின் 'ப்ளீஸ் டச்' (2023) பற்றிப் போதுமான பேச்சு எழவில்லை. ஜேம்ஸ் டென்னியின் ஒரு தாளக்கருவிப் படைப்பை காங் என்ற பெரிய வெண்கலத் தட்டில் மேடைகளில் நிகழ்த்துகிறவர் இவர்: ஓசையே இல்லாத இடத்திலிருந்து உருட்டிக்கொண்டே ஏறி, உச்சிக்குப் போய், அதே நிதானத்தில் ஓசையற்ற இடத்துக்கு இறங்குவது, முழு நிகழ்ச்சியும் அவ்வளவுதான். அந்தப் பயிற்சி ஆல்பத்தில் கேட்கிறது. எப்போது மாறியது என்று தெரியாது. மாறிவிட்டது என்பது மட்டும் தெரியும்.

என் வாதத்துக்கு ஒத்துவராத ஒருவரையும் சொல்லியாக வேண்டும். ப்ளாவன் யார்க்‌ஷயர்காரர், மெட்டல் குழுக்களில் ட்ரம்ஸ் அடித்தவர். 2025இல் வந்த அவருடைய 'சிக்எலிக்சர்' ஆல்பத்தில் இடைவெளி என்பதே கிடையாது. உடைந்த ஒலி, கசங்கிய குரல், சேறு. ஹார்ட் டெக்னோவிடம் நான் குறைசொன்ன நெரிசல் இங்கேயும் இருக்கிறது. ஆனால் இவருடைய ஒலிகளில் ஒன்றுகூடக் கடையில் வாங்கியதாகத் தோன்றவில்லை. ஒவ்வொன்றையும் தானே வார்த்து, தானே நெளித்ததுபோல் கேட்கிறது. ஆக, நெரிசல் குற்றமில்லை, பொட்டலம்தான் குற்றம் என்று என் தீர்ப்பைத் திருத்திக்கொள்கிறேன்.

த்ராபிங் கிரிசிலின் கோசி ஃபன்னி டுட்டி 2025இல், 73 வயதில், '2டி2' வெளியிட்டார். ஐம்பது வருடமாக இந்த இசைக்குள் இருப்பவர். ஆனாலும் வரலாறு எழுதுகிறவர்கள் அவரைக் குழுவின் ஒரு வினோதமாகவே பார்த்துப் பழகிவிட்டார்கள். அவருடைய கார்னெட்டும் கிடாரும் இல்லாமல் அந்தக் குழுவுக்கு ஒலியே இல்லை. அதே வருடம் பிரிஸ்டலின் எம்ப்டிசெட் இரட்டையரின் 'டிசெவர்' வந்தது. எனக்குக் கொஞ்சம் வறட்சியாகப் பட்டது. அந்த இருவரில் ஒருவரான பால் பர்கஸுக்கு நாம் தனியாகக் கடன்பட்டிருக்கிறோம். 1969இல் டேவிட் டியூடர் மூக் சிந்தசைசரோடு வந்து அமைத்துக்கொடுத்த அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்து ஸ்டூடியோவின் ஒலிநாடாக்களைத் தேடியெடுத்து, 2023இல் ஆல்பமாகக் கொண்டுவந்தவர் அவர்தான். மின்னணு இசை நமக்கு இறக்குமதிச் சரக்கு என்று நினைக்கிறவர்கள் அதைக் கேட்கலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இவற்றில் எதையும் செல்போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். டிஆர்-909 ட்ரம் மெஷினின் கிக்குக்கு அடித்தளம் ஏறக்குறைய 50 ஹெர்ட்ஸில் இருக்கிறது. போன் அதைத் தராது, மேலே உள்ள டிக் டிக்கை மட்டும் தரும். நல்ல ஹெட்ஃபோன் ஒன்றைக் கடன் வாங்கியாவது முதலில் 'ஃபீட்-ஃபார்வர்ட்', அதன் பிறகு 'எண்ட் பிகினிங்ஸ்' என்ற வரிசையில் கேளுங்கள்.