மாமூல் தடம்

கோடை விடுமுறைக்குக் கடத்தூர் வந்திருந்த அக்கா மகன் ஒரு மத்தியானம் லேப்டாப்பை என் பக்கம் திருப்பி, "மாமா, இது ஞாயமா, நீங்களே சொல்லுங்க" என்றான்.

மைன்கிராஃப்டில் மலைச்சரிவில் வீடு கட்டியிருக்கிறான். கூடப் படிக்கிற பையன் அந்த வீட்டைச் சுற்றியிருந்த காலி இடத்தை எல்லாம் தன் பேருக்கு வளைத்துப்போட்டு, நாலு பக்கமும் சுவர் எழுப்பிவிட்டான். இவன் வீடு பத்திரமாக இருக்கிறது. வெளியே வரத்தான் வழியில்லை. அட்மினிடம் முறையிட்டால், "ரூல்ஸ்படி அவன் மேல தப்பில்ல" என்று பதில்.

மைன்கிராஃப்ட் 2011இல் முழு வடிவில் வந்தது. அதில் நில உரிமை என்று ஒன்று கிடையாது. யார் கட்டியதையும் யாரும் இடிக்கலாம். அதனால் பல சர்வர்களில் 'க்ரீஃப் ப்ரிவென்ஷன்' என்ற இணைப்பைச் சேர்த்துக்கொள்கிறார்கள். முதல் பெட்டியை வைத்ததும் அதைச் சுற்றி 9க்கு 9 கட்டம் தானாக உங்களுடையதாகிவிடும். மேலும் வேண்டுமென்றால் தங்க ஷவலால் இரண்டு எதிர் மூலைகளைத் தொட்டால் போதும். ஒரு மணி நேரம் ஆடினால் 100 கட்டம் சேரும் என்பது இயல்புக் கணக்கு. சர்வர் நடத்துகிறவர் மாற்றிக்கொள்ளலாம். கையில் குச்சியை எடுத்துத் தரையைச் சுட்டினால் யார் இடம் என்று தெரியும், எல்லையும் மின்னும். புலப்படத்தை விரித்து, சங்கிலி பிடித்து, புதைந்துபோன கல்லைத் தேடுகிற நம்ம ஊர் சர்வேயர் பார்த்தால் பெருமூச்சு விடுவார். அப்பன் பாட்டன் சொத்து என்ற பேச்சும் இல்லை, இருந்து ஆடிய நேரத்துக்குத்தான் நிலம். இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை.

ஆனால் இந்த விதியை எழுதியவர்கள் குற்றம் என்று எதை நினைத்தார்கள்? இடிப்பதையும் திருடுவதையும். 'க்ரீஃப்' என்று ஆடுகிறவர்கள் சொல்வதை நம்ம பக்கம் வயித்தெரிச்சல் என்று சொல்லலாம். கடத்தூர்ப் பக்கம் நான் பார்த்த பக்கத்துக்காட்டுச் சண்டைகளில் யாரும் யார் வீட்டையும் இடித்ததில்லை. உழும்போது வரப்பை வருஷத்துக்கு ஒரு சாண் தள்ளுவார்கள். கூட்டுக் கிணற்றில் முறை தப்பி மோட்டார் போடுவார்கள். தடத்தில் முள்ளை வெட்டிப் போடுவார்கள், கேட்டால் "என் காட்டுல நான் போட்டேன்" என்பார்கள். வரப்பு விஷயத்தை ஷவல் தீர்த்துவைத்துவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். முள்ளுக்கு அதனிடம் பதில் இல்லை. சொல்லப்போனால் முள் போட்டவனைத்தான் அது காப்பாற்றுகிறது: சுவர் அவன் இடத்தில் இருக்கிறது, அதில் ஒரு கல்லைக்கூட என் மருமகனால் பெயர்க்க முடியாது.

'ட்ரஸ்ட்' என்று ஒரு கட்டளை உண்டு. இடத்துக்காரன் விரும்பினால் இன்னொருவன் பேரைச் சேர்த்துக்கொள்ளலாம். மனசு மாறினால் அன்றைக்கே நீக்கலாம். அது தயவு, பாத்தியம் இல்லை. இந்த வித்தியாசத்தை 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் அறிந்திருந்தது: 20 ஆண்டுகள் வெளிப்படையாக, தடையில்லாமல், உரிமையோடு நடந்துவந்த வழியை நிலத்துக்காரர் நினைத்தபடி மூட முடியாது, அனுமதி கேட்டு நடந்ததற்கு அந்த உரிமை வராது. பத்திரம் எழுதுகிறவர்கள் அதுவரை காத்திருப்பதும் இல்லை. நாலு எல்லையைச் சொல்லி முடித்த கையோடு மாமூல் வழித்தட பாத்தியம், கிணற்றில் இத்தனை பங்கு என்று சேர்த்துவிடுவார்கள். நிலம் என்றால் அடுத்தவன் கால் படுகிற இடமும் அதில் அடக்கம் என்று அந்த வரிக்குத் தெரியும். கட்டக் கணக்குக்கு அது தெரியவில்லை. அதன் உலகத்தில் ஆளாளுக்கு ஒரு பெட்டி, அவ்வளவுதான்.

பத்திர வாசகத்தைப் படித்துக் காட்டினேன். பையன் யோசித்துவிட்டு, சுவருக்கு உள்பக்கம், தன் இடத்தில், ஒரு பலகை நட்டான். விளையாட்டுப் பலகையில் நாலே வரிக்குத்தான் இடம். 'மாமூல் தடம்' என்று முதல் வரியில் எழுதி, கீழே தன் பேரைப் போட்டான். மறுநாள் சாயங்காலம் அந்தப் பையனிடமிருந்து செய்தி வந்தது: "குதிர போற அளவுக்கு விட்டா போதுமாடா?"

"வண்டியும் போகணும்னு சொல்லவா மாமா?" என்று கேட்டான் இவன்.