ஏழாவதாக வந்தவர்

2007 பிப்ரவரியில் சிறந்த துணைநடிகைக்கான ஆஸ்கரை ஜெனிஃபர் ஹட்சன் வாங்கியபோது அவருக்கு வயது 25. ‘ட்ரீம்கேர்ள்ஸ்’ அவருடைய முதல் படம். அதற்கு மூன்று வருஷம் முன்னால், 2004 ஏப்ரலில், ‘அமெரிக்கன் ஐடல்’ மூன்றாவது சீசனில் ஏழாவது இடத்தோடு வெளியேற்றப்பட்டிருந்தார். இந்த இரண்டு தகவலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு கதை தானாக வந்துவிடும். தோற்றவர் ஜெயித்தார், கழித்துக் கட்டியவர்கள் தலைகுனிந்தார்கள். எனக்கும் ரொம்ப நாள் பிடித்த கதைதான் அது.

படத்தை நான் பார்த்தது இன்ஜினியரிங் கடைசி வருஷத்தில். ஹாஸ்டல் லேனில் யாரோ போட்டு வைத்திருந்த பிரதி. அந்த வாரம்தான் ஒரு கம்பெனி என்னை இரண்டாம் சுற்றில் கழற்றி விட்டிருந்தது. ஹட்சன் தொண்டை கிழியப் பாடும் அந்த ஒரு பாட்டை மட்டும் அன்றிரவு பத்துத் தடவையாவது ஓட்டியிருப்பேன். அதை ரசனை என்றெல்லாம் சொல்ல முடியாது, காயத்துக்கு மருந்து போட்டுக்கொண்டேன், அவ்வளவுதான். சமீபத்தில் அந்தப் படத்தையும், 2021-இல் அவர் அரீதா ஃப்ராங்க்ளினாக நடித்த ‘ரெஸ்பெக்ட்’ படத்தையும் அடுத்தடுத்த இரவுகளில் பார்த்தேன். இந்த முறை வேறு ஒரு கேள்வி வந்தது. நடுவர்களுக்காகப் பழக்கப்பட்ட ஒரு குரல், நடிப்பாக எப்படி மாறுகிறது? மாறுகிறதா?

பாட்டுப் போட்டி ஒரு ஆளுக்கு என்ன கற்றுக்கொடுக்கிறது என்று பாருங்கள். பாட்டை ஒன்றரை, இரண்டு நிமிஷத்துக்கு வெட்டிவிடுவார்கள். அதற்குள் மெதுவாகத் தொடங்கி, ஏறி, உச்சியில் ஒரு சுரத்தை இழுத்துப் பிடித்து நிறுத்தணும். அந்த இழுப்பில்தான் கைதட்டல் இருக்கிறது. இன்னொரு பாடம், கேமராவைப் பார்க்கணும். ஓட்டுப் போடுகிறவர் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறார். சினிமா நடிப்பின் முதல் விதியோ, கேமராவைப் பார்க்காதே என்பது. எதிரில் நிற்கிறவரைப் பார், அவர் சொல்வதைக் கேள். ஒரு பள்ளியில் கற்றதை இன்னொன்றில் மறக்கவேண்டியிருக்கிறது.

மறக்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ‘ஃப்ரம் ஜஸ்டின் டு கெல்லி’ (2003) இருக்கிறது. ‘ஐடல்’ முதல் சீசனில் ஜெயித்த கெல்லி கிளார்க்சனையும் இரண்டாவதாக வந்த ஜஸ்டின் குவாரினியையும் மியாமி கடற்கரையில் ஆடிப்பாட விட்ட படம். மோசமான படங்களின் பட்டியல் எங்கே போட்டாலும் இதற்கு ஒரு இடம் உண்டு. அந்த இரண்டு பேருக்கும் பாடத் தெரியாது என்று யாரும் சொல்லமுடியாது. படம் முழுக்க அவர்கள் ஓட்டுக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அதுதான் சிக்கல்.

ஹட்சனுக்கு அந்த வசதி இல்லை. அவர் வெளியேறிய வாரத்தில் ஃபான்டேஸியா பரீனோ, லடோயா லண்டன், ஹட்சன் என்று மூன்று கறுப்பினப் பாடகிகள் கடைசி மூன்று இடத்தில் நின்றார்கள். அந்த ஓட்டில் இனவெறி இருக்கிறது என்று எல்டன் ஜான் வெளிப்படையாகவே சொன்னார். அதே சீசனைக் கடைசியில் ஜெயித்தவர் ஃபான்டேஸியாதான் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். கதை அவ்வளவு நேர்கோடு இல்லை.

‘ட்ரீம்கேர்ள்ஸ்’ 1981-இல் பிராட்வேயில் மேடையேறிய இசைநாடகம். 2006-இல் பில் காண்டன் படமாக்கினார். டெட்ராய்ட்டின் மோடவுன் நிறுவனத்தையும் ‘சுப்ரீம்ஸ்’ குழுவையும் நினைவுபடுத்தும் கதை. மூன்று பெண்கள் கொண்ட குழுவில் கனமான குரல் எஃபி வைட்டுடையது. வெள்ளையர் சந்தைக்குப் போகணும், தொலைக்காட்சியில் அழகாகத் தெரியணும் என்று மேனேஜர் கர்ட்டிஸ் அவளைப் பின்வரிசைக்குத் தள்ளி, மென்மையான குரல் கொண்ட டீனாவை முன்னால் நிறுத்துகிறான். டீனாவாக பியான்சே, எஃபியாக ஹட்சன். எஃபிக்குப் பின்னால் ஃப்ளாரன்ஸ் பல்லார்டின் நிழல் இருக்கிறது. சுப்ரீம்ஸிலிருந்து 1967-இல் விலக்கப்பட்டு, 1976-இல் 32 வயதில் இறந்துபோனவர்.

எல்லோரும் பேசுவது அந்தப் பெரிய பாட்டை. நான் போக மாட்டேன் என்று எஃபி கர்ட்டிஸிடம் மன்றாடுவது. மேடையில் ஜெனிஃபர் ஹாலிடே பாடி டோனி விருது வாங்கிய பாட்டு. அதாவது ஹட்சனுக்கு அங்கேயும் இன்னொருவருக்குச் சொந்தமான பாட்டுதான் கிடைத்தது, போட்டியில் கிடைத்த மாதிரியே. இதில் அவர் நடிக்கவே இல்லை, பாடினார், ஆஸ்கர் கொடுத்துவிட்டார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. பாதி உண்மை. மெல்லத் தொடங்கி, ஏறி, உச்சியில் இழுத்துப் பிடிக்கும் அமைப்பு அப்படியே போட்டிப் பாட்டுதான். ஆனால் அவர் பாடுவது ஒரு காலி அரங்கத்தில். யாருக்காகப் பாடுகிறாரோ அவன் பாட்டு முடிவதற்குள் எழுந்து போய்விடுகிறான். கைதட்ட ஆளே இல்லாத இடத்தில் அந்த உச்ச சுரம் போய் நிற்கிறது. ஓட்டுக் கேட்கிற உடம்பு அங்கே கெஞ்சுகிற உடம்பாகிவிட்டது.

எனக்கு இப்போது அதைவிட முக்கியமாகப் படுவது அதற்கு முன்னால் வரும் ஒரு காட்சி. எஃபியை விட்டுக்கொடுக்கச் சொல்லி, நாம எல்லாம் ஒரே குடும்பம் என்று மற்றவர்கள் அவளைச் சுற்றிப் பாடுகிறார்கள். தொடங்கி வைப்பது அவளுடைய சொந்தத் தம்பி. குழுவிலேயே பெரிய குரல் அவளுடையது, அவளோ பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். கோபம் ஒரேயடியாக இறங்குவதில்லை. நம்ப வேண்டாம் என்று தெரிந்தும் நம்பத் தொடங்குகிற ஒரு முகம். ஹட்சன் நடிகைதான் என்பதற்கு எனக்கு அந்த முகம் போதும். ஹாஸ்டலில் இதை ஓட்டித் தள்ளிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போயிருக்கிறேன்!

நமக்கு இந்தக் கேள்வி கொஞ்சம் அந்நியமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. நம் சினிமாவில் குரல் ஒருவருடையது, முகம் இன்னொருவருடையது. ‘சூப்பர் சிங்கர்’ பிள்ளைகளின் கனவு பின்னணி பாடுவது, அதாவது திரையில் தெரியாமல் இருப்பது. அங்கே போட்டியாளராக இருந்த சிவாங்கி ‘டான்’ (2022) படத்தில் நடித்தபோது, ‘குக் வித் கோமாளி’யில் நாம் பார்த்துச் சிரித்த ஆளைத்தான் சினிமா கூப்பிட்டது. பாட்டு அங்கே தேவைப்படவில்லை. ‘ஔவையார்’ (1953) படத்தில் கே.பி. சுந்தராம்பாளுக்குக் குரலும் முகமும் ஒன்று. பின்னணிப் பாட்டு வந்தபிறகு அந்த வழி அநேகமாக மூடிக்கொண்டது. ஹட்சன் எழுதியது சுந்தராம்பாள் எழுதிய பரீட்சை.

‘ரெஸ்பெக்ட்’ படத்துக்கு ஹட்சனைத் தேர்ந்தெடுத்தவர் அரீதாவே. 2018-இல் அவர் இறந்தபிறகுதான் படம் எடுக்கப்பட்டது. முதல் தடவை பார்த்தபோது விக்கிப்பீடியா பக்கத்தைப் படமாக்கிய மாதிரி இருக்கிறது என்று ஒதுக்கினேன். இப்போதும் பெரும்பகுதிக்கு அதே கருத்துதான். ஆனால் அலபாமாவில் மஸில் ஷோல்ஸ் ஸ்டுடியோவில், 1967-இல் நடப்பதாக வரும் காட்சியை விட்டுவிட்டேன் என்று இப்போதுதான் தெரிகிறது. பாட்டு பிடிபடாமல் எல்லோரும் திணறுகிறார்கள். மின்பியானோவில் ஒருவர் ஒரு சின்னத் துணுக்கை வாசித்துப் பார்க்கிறார். ஹட்சன் தலையைத் திருப்பிக் கேட்கிறார். பிறகு ஒவ்வொரு வாத்தியமாக உள்ளே வருகிறது. ஒரு நல்ல காது வேலை செய்வதை நாம் கண்ணால் பார்க்கிறோம்.

இதே படம் முடிவில் 1972-இல் லாஸ் ஏஞ்சலஸ் தேவாலயத்தில் நடந்த ஒலிப்பதிவுக்குப் போகிறது. அங்கே மறுபடி ஏற்றம், உச்சம், கைதட்டல். அந்த நிகழ்வை சிட்னி பொல்லாக் நேரிலேயே படம்பிடித்திருக்கிறார். கிளாப் பலகை அடிக்காமல் எடுத்ததால் ஒலியையும் படத்தையும் பொருத்தமுடியாமல் பல பத்தாண்டுகள் கிடந்து, ‘அமேஸிங் கிரேஸ்’ என்று பின்னால் வெளிவந்தது. அதில் நிஜ அரீதா பாட்டுகளுக்கு நடுவே அநேகமாகப் பேசுவதே இல்லை. அப்பா வந்து முகத்து வியர்வையைத் துடைத்துவிடுகிறார், குழந்தைபோல் உட்கார்ந்திருக்கிறார். அந்த மௌனத்தை நம்புகிற தைரியம் ‘ரெஸ்பெக்ட்’டுக்கு இல்லை. தப்பு ஹட்சனுடையது என்று எனக்குத் தோன்றவில்லை. கேட்கத் தெரிந்த நடிகையிடம் ஹாலிவுட் மறுபடி மறுபடி பாடத்தான் சொல்லியிருக்கிறது. ‘கேட்ஸ்’ (2019) படத்தில் அழுதுகொண்டே பாட வைத்தது உட்பட.

அந்த 2004 சீசனை ஜெயித்த ஃபான்டேஸியாவுக்கு சினிமாவில் பெரிய வேடம் கிடைத்தது 2023-இல். ‘தி கலர் பர்ப்பிள்’ படத்தில் சீலி. படத்தின் பெரும்பகுதி வாயடைக்கப்பட்டு, குனிந்தே நடக்கிற பெண். அவர் கடைசியில் வாய்திறந்து பாடும்போது அது போட்டிப் பாட்டாகக் கேட்பதில்லை, ஏனென்றால் அதுவரை அவர் வாய்மூடியிருந்ததை நாம் பார்த்திருக்கிறோம். ஹட்சனுக்கு அப்படி ஒரு படம் இன்னும் வரவில்லை என்பது என் வருத்தம். விருதுகளுக்குக் குறைவில்லை, நாலு பெரிய விருதும் கையில் இருக்கிறது.

இப்போது நானே ஆபீஸில் இன்டர்வியூ எடுக்கிறேன். போன மாதம் ஒரு பையன், கேள்வி கேட்டதும் அரை நிமிஷம் எதுவும் பேசாமல் இருந்தான். தெரியல போல என்று மதிப்பெண் படிவத்தில் கையை வைத்துவிட்டேன். ‘சார், கேள்வியை இன்னொரு தடவை சொல்றீங்களா’ என்றான். சொன்னேன். கேட்டான்.