முதலில் கொலையுதிர் காலம்

வாசிப்பு விட்டுப்போன யாராவது "என்ன படிக்கலாம்?" என்று கேட்டால், கனமான இலக்கியத்தை அவர்கள் கையில் திணிக்காதீர்கள். சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' கொடுங்கள்.

சொத்துக்கு வாரிசான லீனா, ஒரு பழைய பங்களா, இருட்டில் தெரியும் பெண்ணுருவம். பேய்க்கதைக்கு வேண்டிய பழகிய சாமான்கள்தான். ஆனால் அங்கே போகிறவர்கள் வக்கீல்கள் கணேஷும் வசந்தும். கண்ணால் கண்டதற்கு விஞ்ஞானத்தில் விளக்கம் தேடுகிறான் கணேஷ். வசந்துக்கோ அது போதவில்லை. இருவருக்கும் நடுவே வாசகனையும் இழுத்து உட்காரவைத்துவிடுகிறார் சுஜாதா. ஒரு அத்தியாயம் கணேஷ் பக்கம் சாய்வோம், அடுத்ததில் வசந்த் பக்கம். முடிவைச் சொல்வது பாவம்.

பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்தவர் சுஜாதா. அதனால் விஞ்ஞானம் கதையில் ஒட்டுப்போட்டதாகத் தெரிவதில்லை. வாக்கியங்கள் சின்னவை, வசனத்திலேயே கதை நகர்ந்துவிடும். தொடர்கதையாக வந்த எழுத்து, அத்தியாயத்துக்கு அத்தியாயம் கொக்கி போட்டு இழுக்கும். நீண்ட வாசிப்புப் பழக்கம் விட்டுப்போன கண்ணுக்கு இந்த வேகம்தான் மருந்து.

பிடித்துவிட்டதா? அடுத்து அவருடைய 'என் இனிய இயந்திரா'. புத்தகம் படித்துப் படித்தே சுயமாக யோசிக்கக் கற்றுக்கொள்ளும் ஜீனோ என்ற இயந்திர நாய்க்காகவே படிக்கலாம். என் கணக்கில் தமிழ் அறிவியல் புனைவின் மிகப் பிரியமான பாத்திரம் அதுதான்.

துப்பறியும் கதை என்று 'கொலையுதிர் கால'த்தை ஒதுக்காதீர்கள். இன்றிரவே முதல் அத்தியாயத்தைத் தொடங்குங்கள்.