வீராங்கனையும் நகைச்சுவையும்

சிரிப்பு யாரைக் குறிவைக்கிறது என்பதே நகைச்சுவை இலக்கியத்தை எடைபோடும் முதல் அளவுகோல். வீராங்கனையரைக் கதைத்தலைவியராகக் கொண்ட மாயப் புனைவுகளை இவ்வளவுகோல் கொண்டு நோக்குவோம்.

அமெரிக்க எழுத்தாளர் எஸ்தர் ஃபிரீஸ்னர் தொகுத்த 'சிக்ஸ் இன் செயின்மெயில்' எனும் சிறுகதைத் தொகுப்பு 1995இல் வெளிவந்தது. 'செயின்மெயில்' என்பது இரும்பு வளையங்களைக் கோத்துச் செய்த போர்க்கவசம். 'சிக்' என்பது கோழிக்குஞ்சு. ஆங்கிலப் பேச்சு வழக்கில் இளம்பெண்ணை இளக்காரமாகச் சுட்டும் சொல். 2015 வரை இவ்வரிசையில் மேலும் ஐந்து தொகுப்புகள் வந்துள்ளன. தலைப்பே பெண்ணை ஏளனம் செய்கிறதே எனும் ஐயம் எழுவது இயல்பு.

இக்கதைகள் எதனைப் பகடி செய்கின்றன என்பதை அறிந்தால் அவ்வையம் பெரிதும் நீங்கும். 20ஆம் நூற்றாண்டின் மாயச் சாகச நூல்களின் அட்டைகளில், வயிறும் தோளும் திறந்துகிடக்க, உலோக மார்க்கச்சை மட்டும் அணிந்தவளாக வீராங்கனை வரையப்பட்டாள். வாள்வீச்சின் முன் அக்கவசம் எதனைக் காக்கும்? அது பார்ப்பவனின் கண்ணுக்காக ஆக்கப்பட்டதேயன்றி, அணிபவளின் உயிருக்காக அன்று. முதல் தொகுப்பில் எலிசபெத் மூன் எழுதிய கதையில் வெண்கல மார்க்கச்சைக்கு வரி விதிக்கப்படுகிறது; வீராங்கனையர் வெகுண்டெழுகின்றனர். மூன், அமெரிக்க மரைன் படையில் அதிகாரியாகப் பணியாற்றியவர். ஆகவே சீருடையும் அரசாணையும் படும்பாட்டை அவர் உள்ளிருந்தே அறிவார். இங்கே சிரிப்பு வரைந்தவனையும் வரி கேட்டவனையும் தாக்குகிறது, வாளேந்தியவளை அன்று.

இவ்வுத்தி அரபுக் கதைமரபுக்குப் புதிதன்று. 'ஆயிரத்தொரு இரவுகள்' கூறும் மன்னர் உமர் அந்நுஃமான் கதையில், ரோம இளவரசி அப்ரீஸா மாவீரன் ஷர்கானை மற்போரில் மும்முறை வீழ்த்துகிறாள். அவளது அழகில் மயங்கிப் பிடிதளரும் அவனைக் கண்டே கேட்பவர் நகைக்கின்றனர். ஆயினும் அந்நகை நீடிக்கவில்லை. களத்தில் வெல்லவியலாத அவளை, மன்னன் மயக்கமருந்து கொடுத்துக் கற்பழிக்கிறான். தப்பிச் செல்லும் வழியில் அடிமையொருவன் கொன்றுவிடுகிறான். தான் படைத்த வீராங்கனையைக் கதையே கைவிட்டுவிட்டது என்பது நம் கருத்து.

'தாத்துல் ஹிம்மா' பெருங்கதையோ வேறு வழி கண்டது. ஆண்மகவை எதிர்பார்த்த தந்தையால் மறைத்து ஒதுக்கப்பட்ட ஃபாத்திமா, பைஸாந்திய எல்லைப் போர்களின் தலைவியாக உயர்கிறாள். நகைச்சுவையைத் தந்திரசாலியான அல்பத்தாலிடம் ஒப்படைத்துவிட்டு, தலைவியின் கண்ணியத்தைக் கதை காத்துக்கொண்டது.

ஃபிரீஸ்னரின் தொகுப்புகள் மூன்றாவது வழியில் செல்கின்றன. இங்கே வீராங்கனை சிரிக்கப்படுபவள் அல்லள், சிரிப்பவள். ஆண்கள் உரைத்த கதைக்கு அவள் விடுக்கும் மறுமொழியே அச்சிரிப்பு. இது பாராட்டத்தக்கது. எனினும் குறையும் உண்டு. கச்சைப் பகடி முதல்முறை கூர்மையானது. தொகுப்புக்குத் தொகுப்பு திரும்பி வரும்போது மழுங்கிவிடுகிறது. ஃபாத்திமாவுக்குக் காக்க ஓர் எல்லையும் மக்களும் இருந்தனர். இக்கதைத்தலைவியருள் பலருக்கோ, பழைய அட்டைப்படத்தை எதிர்ப்பதைத் தவிர வேறு போர் இல்லை.

பொய்யான படிமத்தை உடைக்க நகைச்சுவை போதும். உடைந்த இடத்தில் மெய்யான வீராங்கனையை நிறுத்த, அவள் எதற்காக வாளெடுத்தாள் என்பதையும் கதை சொல்லியாக வேண்டும்.