விண்வெளிக்குப் போன கால் ஆஃப் டியூட்டி: ரசிகர் கோபம் எதன் மேல்?

2016 மே 2 அன்று 'கால் ஆஃப் டியூட்டி: இன்ஃபினிட் வார்ஃபேர்' கேமின் முதல் டிரெய்லர் யூடியூபில் வந்தது. பெரும்பாலும் மண்ணிலேயே சண்டை போட்டுக்கொண்டிருந்த தொடர், அதில் விண்கப்பலில் ஏறி சூரியக் குடும்பத்தைச் சுற்றக் கிளம்பியது. டிரெய்லருக்கு விழுந்த டிஸ்லைக் கடைசியில் 30 லட்சத்தைத் தாண்டியது. நாலே நாளில், மே 6 அன்று, போட்டித் தொடரான 'பாட்டில்ஃபீல்டு 1' டிரெய்லர் வந்தது. முதல் உலகப் போர், பதுங்குகுழி, குதிரை, சேறு. அதற்கு லைக் கொட்டியது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் உடனே ஒரு முடிவுக்கு வந்தார்கள்: ரசிகர்களுக்கு எதிர்காலம் அலுத்துவிட்டது, பழைய போர் வேண்டும். இன்றைக்கும் இந்தத் தொடரைப் பற்றி யார் பேசினாலும் இதையே சொல்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கோபம் நிஜம்தான், ஆனால் அது கதை நடக்கும் காலத்தின் மேல் வந்த கோபம் இல்லை என்று நினைக்கிறேன்.

முதலில் வரிசையைப் பார்த்துவிடலாம். 2003-இல் தொடங்கிய இந்தத் தொடரின் முதல் மூன்று முக்கிய கேம்களும் இரண்டாம் உலகப் போர். 2007-இல் 'கால் ஆஃப் டியூட்டி 4: மாடர்ன் வார்ஃபேர்' நிகழ்காலத்துக்கு வந்தது. 2012-இல் 'பிளாக் ஆப்ஸ் 2' பாதிக் கதையை 2025-இல் வைத்தது. 2014-இல் 'அட்வான்ஸ்டு வார்ஃபேர்' வீரனுக்கு இயந்திர உடையை மாட்டிவிட்டது. 2015-இல் 'பிளாக் ஆப்ஸ் 3', 2016-இல் 'இன்ஃபினிட் வார்ஃபேர்'. எதிர்ப்புக்குப் பிறகு 2017-இல் 'டபிள்யூ டபிள்யூ 2' என்று மறுபடி நார்மண்டி கடற்கரைக்கே திரும்பினார்கள்.

எதிர்காலம்தான் பிரச்சினை என்றால் 'பிளாக் ஆப்ஸ் 2' எப்படித் தப்பித்தது? அதில் எதிர்காலம் கொஞ்சநஞ்சம் இல்லை. அரிய மண் தனிமங்களை ஏற்றுமதி செய்யமாட்டோம் என்று சீனா சொல்கிறது, அமெரிக்காவின் டிரோன் படையை வில்லன் மெனெண்டஸ் கைப்பற்றி அதை அமெரிக்க நகரங்கள் மேலேயே ஏவுகிறான். நிஜமான 2025-இல் சீனா அரிய மண் தனிமங்கள் சிலவற்றின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. காந்தம் கிடைக்காமல் நம்ம ஊர் மின்வாகனக் கம்பெனிகள் திண்டாடின. அந்த கேமை யாரும் 'ஓவர் கற்பனை' என்று திட்டவில்லை. இன்றைக்கும் தொடரின் சிறந்த கேம் எது என்று சண்டை போட்டால் அதன் பெயர் கட்டாயம் வரும்.

இன்னொரு கணக்கும் இடிக்கிறது. அத்தனை டிஸ்லைக் வாங்கிய 'இன்ஃபினிட் வார்ஃபேர்'தான் 2016-இல் அமெரிக்காவில் அதிகம் விற்ற கேம். பாட்டில்ஃபீல்டு 1 அதற்கு அடுத்துதான். என்றாலும் எதிர்பார்த்த அளவு போகவில்லை, விண்வெளிக் களம் ரசிகர்களில் ஒரு பகுதியினருக்கு ஒட்டவில்லை என்று ஆக்டிவிஷன் 2017 பிப்ரவரியில் சொன்னது. சரி, நியாயம். ஆனால் 2021-இல் 'வேன்கார்ட்' என்று இரண்டாம் உலகப் போர் கேம் போட்டு அதுவும் சரியாகப் போகாதபோது என்ன சொன்னார்கள் தெரியுமா? இரண்டாம் உலகப் போர்க் களம் ரசிகர்களில் ஒரு பகுதியினருக்கு ஒட்டவில்லை! அந்த ஆண்டறிக்கையில் புதுமை போதவில்லை என்றும் சேர்த்து ஒத்துக்கொண்டார்கள் என்பது வேறு விஷயம். ஐந்து வருஷ இடைவெளியில் வந்த இரண்டு நோய்க்கும் ஒரே மருந்துச் சீட்டு. காலத்தைக் குறை சொல்வது கம்பெனிக்கும் வசதி, ரசிகனுக்கும் வசதி.

அப்படியானால் உண்மையில் எது மாறியது? என் பதில்: கால். விளையாடுகிறவனின் கால்.

2007 கேமில் 'கிராஷ்' என்று ஒரு மேப் உண்டு. நடுவில் ஹெலிகாப்டர் விழுந்து கிடக்கும், ஓரத்தில் மூன்று மாடிக் கட்டிடம். நூறு தடவை ஆடினவனுக்கு எந்த ஜன்னலில் ஸ்னைப்பர் உட்கார்ந்திருப்பான், எந்த மூலையில் எதிரியின் தலை எந்த உயரத்தில் வரும் என்பது மனப்பாடம். குறியைத் தலை உயரத்திலேயே வைத்துக்கொண்டு நடப்பதுதான் அந்த ஆட்டத்தின் பாதி வித்தை. 2014-இல் இயந்திர உடை வந்ததும் அந்தத் தலை மூலையில் வருவதில்லை. மேலே தாவி, காற்றிலேயே பக்கவாட்டில் பாய்ந்து, பின்னால் இறங்குகிறது. 2015-இல் சுவர்மேலேயே ஓட ஆரம்பித்துவிட்டான். ஏழு வருஷம் கைக்குப் பழக்கின வித்தை ஒரே சீசனில் செல்லாக்காசு.

இது எந்த நூற்றாண்டு என்பதற்கு சம்பந்தமே இல்லாத இழப்பு. அதே 2016 அக்டோபரில் வந்த 'டைட்டன்ஃபால் 2' முழுக்க சுவர் ஓட்டமும் ராட்சத ரோபோவும்தான். அதைச் செய்த ரெஸ்பான், மாடர்ன் வார்ஃபேரை உருவாக்கிய இன்ஃபினிட்டி வார்டின் பழைய தலைகள் வெளியேறி ஆரம்பித்த ஸ்டூடியோ. விற்பனை சுமார்தான் என்றாலும் விளையாடியவர்கள் அதைக் கொண்டாடினார்கள். ஏன்னா அது யாருடைய பழைய வீட்டையும் இடித்துக் கட்டவில்லை. புது மனையில் புது வீடு.

இதை நான் தூரத்திலிருந்து சொல்லவில்லை. 2008 வாக்கில் மயிலாப்பூர் லஸ் பக்கம் ஒரு மாடிக் கடையில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து கால் ஆஃப் டியூட்டி 4 ஆடி வளர்ந்தவன் நான். பத்து கம்ப்யூட்டர், ஒரு ஏசி, கரண்ட் போனால் அலறும் யுபிஎஸ். தி.நகரிலும் அடையாறிலும் இந்த மாதிரிக் கடைகள் இருந்தன. கவுன்டர்-ஸ்டிரைக்குக்கு அடுத்தபடி எல்லாக் கடையிலும் ஓடியது இந்த கேம்தான். காரணம் எளிது: 512 எம்பி ரேம் இருந்தால் போதும், 8 ஜிபி இடம் போதும், இன்டர்நெட்டே வேண்டாம். ஒரே அறையில் லேன் கேபிள் போட்டு இணைத்தால் ஆட்டம் ரெடி. செத்தவன் பக்கத்து சீட்டில் இருப்பவனைத் திட்டலாம்.

அந்தக் கடைகளில் இந்தத் தொடர் எப்போது நின்றுபோனது என்று யோசித்தால் பதில் 2016 இல்லை, 2014-உம் இல்லை. 2009. அந்த வருஷம் வந்த 'மாடர்ன் வார்ஃபேர் 2'-இன் கம்ப்யூட்டர் பதிப்பில் லேன் வசதியையும் தனி சர்வர் வசதியையும் எடுத்துவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஸ்டீம் கணக்கு, ஒவ்வொருவருக்கும் இன்டர்நெட். கதை நிகழ்காலம், வீரன் தரையில்தான் நிற்கிறான், துப்பாக்கியும் பழக்கமானதுதான். ஆனால் பத்து பேர் ஒரே அறையில் ஆட முடியாது. கடைக்காரர்கள் 2007 கேமையே தொடர்ந்து ஓட்டினார்கள். எங்கள் வட்டத்தில் பலருக்குக் கடைசி கால் ஆஃப் டியூட்டி அதுதான்.

'இன்ஃபினிட் வார்ஃபேர்' வந்தபோது அது கேட்டது 8 ஜிபி ரேம், 70 ஜிபி இடம். அன்றைக்குப் பல வீடுகளின் பிராட்பேண்ட் மாத லிமிட் ஒரு டவுன்லோடிலேயே தீர்ந்துவிடும். ரிச்சி தெருவுக்குப் போய் கிராபிக்ஸ் கார்டு விலை கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பின பசங்களும் அந்த டிரெய்லருக்கு டிஸ்லைக் போட்டார்கள். வாங்கவே முடியாத கேமை எதற்கு வெறுக்கவேண்டும் என்று அப்போது சிரித்தவர்கள் உண்டு. எனக்கு அதில் சிரிக்க ஒன்றுமில்லை. ஒவ்வொரு வருஷமும் ஒரு படி தள்ளிப்போய்க்கொண்டிருந்த விளையாட்டு, இந்தத் தடவை பூமியை விட்டே போகிறேன் என்று அறிவிக்கிறது. கோபம் வராமல் என்ன செய்யும்?

அதற்கு மேல் உப்புத் தேய்த்த மாதிரி ஒரு வேலை செய்தார்கள். எல்லாரும் ஏங்கிய 2007 கேமைப் புதுப்பித்து 'மாடர்ன் வார்ஃபேர் ரீமாஸ்டர்டு' என்று தயார் செய்து, அதைத் தனியாக விற்காமல், 80 டாலர் பதிப்போடு மட்டும் கட்டிவைத்தார்கள். அன்றைய மாற்று விகிதத்தில் ஐயாயிரம் ரூபாய்க்கு மேல். பழசு வேண்டுமென்றால் புதுசையும் வாங்கு என்பது பேரம். தனியாக வாங்க 2017 ஜூன் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. டிஸ்லைக்கில் ஒரு பங்கு இந்தப் பேரத்துக்கும் சேரவேண்டும்.

இன்னொரு வாதம் உண்டு: விண்வெளி பொய், பழைய போர் நிஜம், அதனால்தான் மனசைத் தொடுகிறது. இந்த 'நிஜம்' எது? இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் சுமார் 25 லட்சம் பேர் இருந்தார்கள். தொடரின் உலகப் போர் கேம்களில் அவர்களைத் தேடினால் அமெரிக்கரும் ரஷ்யரும் ஆங்கிலேயரும்தான் முன்னால் நிற்கிறார்கள். முதல் உலகப் போரில் 1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன் கப்பல் சென்னை மேல் குண்டு போட்டு எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது. கில்லாடிக்கு 'எம்டன்' என்று நாம் பெயர் வைக்கும் அளவுக்கு ஊர் பயந்தது. பாட்டில்ஃபீல்டு 1-இல் அந்த ராத்திரி கிடையாது. இருந்திருக்கவேண்டும் என்று மயிலாப்பூர் பையன் யாரும் கேட்டதும் இல்லை, நான் உட்பட. நாங்கள் நிஜம் என்று சொன்னது வரலாற்றை இல்லை. 'சேவிங் பிரைவேட் ரயன்', 'பிளாக் ஹாக் டவுன்' மாதிரிப் படங்களில் பார்த்துப் பழகிய போரைத்தான். பழக்கத்துக்கு இன்னொரு பேர் நிஜம்.

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லையா என்றால், இருக்கிறது. ஏகே-47 என்றால் அதன் சத்தம், உதை எல்லாம் நமக்கு ஏற்கெனவே ஒரு கற்பனையில் இருக்கிறது. பேர் தெரியாத எனர்ஜி துப்பாக்கிக்கு அந்த முன்கதை இல்லை, கேமே அதை முதலிலிருந்து உருவாக்கவேண்டும். மூன்றாவது வருஷமாக அதே தாவலை வேறு பெயரில் கொடுத்ததும் சோம்பல்தான். ஆனால் இவை கைவேலை போதவில்லை என்ற குறைகள்; காலத்தின் தலையில் கட்டவேண்டியவை இல்லை.

இந்தச் சத்தத்தில் அடிபட்டுப்போனது 'இன்ஃபினிட் வார்ஃபேர்' கேமின் கதைப்பகுதி. அதில் நாயகன் ரேயஸ் திடீரென்று ஒரு கப்பலுக்குக் கேப்டன் ஆகிறான். ஆட்களைச் சாகத் தெரிந்தே அனுப்பவேண்டிய பதவி அது. கடைசியில் கிட்டத்தட்ட யாரும் மிஞ்சுவதில்லை. எழுத்து ஓடும்போது, செத்துப்போன ஒவ்வொருவரும் வீட்டுக்கு விட்டுச்சென்ற குரல் பதிவைக் கேட்கிறோம். கட்டளை போடுகிறவனின் பாரத்தை இந்தத் தொடர் இவ்வளவு தூரம் யோசித்தது வேறு எங்கும் இல்லை என்பது என் கருத்து. நார்மண்டிக்குத் திரும்பிய அடுத்த கேம், நாம் பத்து படத்தில் பார்த்த தோழர்கள் கதையையே ஒழுங்காக ஒப்பித்தது. பரிசோதனை செய்ததற்கு அடி, ஒப்பித்ததற்கு மிட்டாய்.

2019 அக்டோபரில் 'கால் ஆஃப் டியூட்டி: மொபைல்' இலவசமாக வந்தது. அதே கிராஷ், அதே கிராஸ்ஃபயர், சாதாரண போனில். பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பையன் ஆடும்போது எட்டிப் பார்த்திருக்கிறேன். பழைய ஹெலிகாப்டர் கிடக்கும் அதே முற்றத்தில், இயந்திரக் கவசமும் ஒளிரும் முகமூடியும் போட்ட ஓர் ஆள் ஓடுகிறான். எந்த வருஷம், எந்தப் போர் என்று யாருக்கும் தெரியாது, யாரும் கவலைப்படவும் இல்லை. ஜன்னல் இருந்த இடத்தில் இருக்கிறது. காசு கேட்கவில்லை. நண்பர்கள் நாலு பேர் அதே ஆட்டத்தில் இருக்கிறார்கள். கம்பெனி 2016-லேயே கேட்டிருக்கவேண்டிய கேள்வி, ரசிகனுக்கு எந்த நூற்றாண்டு வேண்டும் என்பது இல்லை. எங்களிடமிருந்து எதையெல்லாம் எடுத்துக்கொண்டோம் என்பதுதான்.