கிளைக்கதைகளின் பக்கம் நின்று

2025 செப்டம்பரில் ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்’ என்ற ஜப்பானிய அனிமே படம் தமிழ்க் குரலோடு நம் திரையரங்குகளுக்கு வந்தது. கூடவே ஒரு தீர்ப்பும் வந்தது: மங்கா எனும் சித்திரக்கதையின் மூலக்கதையை நகர்த்தும் படமே படம், மற்றதெல்லாம் ஃபில்லர், பார்க்காவிட்டாலும் நஷ்டமில்லை. 2020இல் வெளியான ‘முகென் டிரெயின்’, ‘ஸ்பிரிட்டெட் அவே’யை முந்தி ஜப்பானிய வசூலில் முதலிடம் பிடித்ததிலிருந்தே இந்தத் தீர்ப்பு வலுத்துவருகிறது. வசூல் கணக்குக்கு அது சரி. ஆனால் தொடர்களிலிருந்து பிறந்த படங்களில் இன்றும் பேசவைப்பவை பெரும்பாலும் மூலக்கதைக்குச் சல்லிக்காசு பயனில்லாதவைதான். நளன் கதை இல்லாமலும் பாரதப் போர் நடந்திருக்கும், நளவெண்பா கிடைத்திருக்காது.

தொடக்கத்தில் இது விடுமுறை வியாபாரம். தோயெய் நிறுவனம் சிறு படங்களைக் கோத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்காக ‘மங்கா மட்சுரி’ நடத்தியது. 1973இல் மாசிங்கரையும் டெவில்மேனையும் ஒரே படத்தில் சேர்த்தது அந்தச் சந்தையின் சாமர்த்தியம். 1980இல் தொடங்கிய ‘டோரேமான்’ படவரிசை கண்ணியமானது. ‘டிராகன் பால் இசட்’ படங்களில் பலவும் புது வில்லன், அடிதடி, கடைசியில் ஒரு கமேஹமேஹா தாக்குதல் என்று முக்கால் மணி நேரத்தில் முடியும் பண்டங்கள். ஃபில்லர் என்ற வசை அவற்றுக்குத் தகும்.

அதே சந்தைக்குள்தான் வேறொன்றும் நடந்தது. மியாசாகியின் முதல் முழுநீளப் படமான ‘காக்லியோஸ்த்ரோ கோட்டை’ (1979) ஒரு லூபன் படம். மங்கி பஞ்ச் வரைந்த ஈவிரக்கமற்ற திருடன் லூபனை அவர் மனம் கனிந்தவனாக்கினார். 1984இல் மமோரு ஓஷி ‘உருசெய் யாட்சுரா 2’இல் பள்ளி விழாவுக்கு முந்தைய நாளைத் திரும்பத் திரும்ப வரவைத்தார். வயதே ஏறாத மாணவர்கள், வாராவாரம் அதே கலாட்டா என்ற தொடரின் இலக்கணத்தையே கேள்விக்குள்ளாக்கினார். மூல ஆசிரியர் ரூமிகோ தகாஹாஷிக்குப் படம் ரசிக்கவில்லை என்பார்கள், ரசிக்காததில் வியப்பில்லை. தோழமையே தாரக மந்திரமான ‘ஒன் பீஸ்’ கையில் கிடைத்தபோது மமோரு ஹோசோதா (2005) நாயகன் லூஃபியின் கூட்டத்தை ஒவ்வொருவராகப் பிரித்து, அவனைத் தனியனாக்கினார். ரசிகர்களில் ஒரு பகுதியினர் இன்னும் அவரை மன்னிக்கவில்லை.

இவர்களுக்கெல்லாம் பின்னால் பேர் கிடைத்தது. கெய்ச்சி ஹாராவுக்கு அந்த அளவுக்குக் கிடைக்கவில்லை. நம் வீடுகளில் வால்தனத்துக்கு மறுபெயராகிவிட்ட ஷின்சானை வைத்து 1997 முதல் 2002 வரை ஆண்டுக்கொன்றாக ஆறு படங்கள் எடுத்தவர். அவற்றில் 2001இல் வந்த ‘பெரியவர்களின் பேரரசு’ இந்த வகையின் சிகரம். இருபதாம் நூற்றாண்டை மீட்க விரும்பும் ஒரு கூட்டம், பழைய காலத்தின் வாசனையைப் பரப்பி ஊரிலுள்ள பெற்றோரையெல்லாம் சிறுபிள்ளைகளாக்கிவிடுகிறது. ஷின்சானின் அப்பா ஹிரோஷி 1970ஆம் ஆண்டின் ஒசாகா கண்காட்சியில் சிறுவனாக நின்று, நிலாக்கல்லைப் பார்த்தே ஆகவேண்டும் என்று அடம்பிடிக்கிறார். மகன் அவரது நாற்றமெடுத்த ஷூவைக் கழற்றி மூக்கில் வைக்கிறான். வசனம் நின்றுபோகிறது. தந்தையின் சைக்கிளில் பின்னால் அமர்ந்து போனது, காதல் தோற்றது, தோக்கியோவுக்கு வந்தது, அலுவலகத்தில் திட்டு வாங்கியது, மனைவி மிசாயேயைக் கண்டது, பிள்ளை பிறந்தது, வேர்த்து விறுவிறுத்து வீடு திரும்பியது என்று ஒரு நடுத்தர வர்க்க வாழ்க்கை முழுவதும் சில நிமிடங்களில் ஓடுகிறது. வாராவாரம் சிரிக்கப் பயன்பட்ட நாற்றம் ஒரு மனிதனை அவன் வயதுக்குத் திரும்பக் கூட்டிவருகிறது. பழங்காலத்தின் மணத்தை உழைப்பின் நாற்றத்தால் முறிக்கும் இந்த அரசியலை, குழந்தைகள் படம் என்ற போர்வைக்குள் யாரும் எதிர்பார்க்கவில்லை. அடுத்த ஆண்டு ஹாரா, ஷின்சானைப் போர்க்கால ஜப்பானுக்கு அனுப்பி, அங்கே அவன் நேசித்த சாமுராயைச் சாகடித்தார். தொடரில் இதற்கெல்லாம் இடமே இல்லை. படம் முடிந்ததும் ஷின்சானின் நொஹாரா குடும்பம் பழையபடி நகைச்சுவைக்குத் திரும்பிவிடும் என்ற உத்தரவாதம்தான் ஹாராவுக்கு இவ்வளவு தூரம் போகத் துணிவு தந்தது.

காற்று 2009இல் திசைமாறியது. ‘ஒன் பீஸ்: ஸ்ட்ராங் வேர்ல்ட்’ கதையை எய்ச்சிரோ ஓடாவே எழுதினார், 2013இல் ‘பேட்டில் ஆஃப் காட்ஸ்’ படத்துக்கு அகிரா தோரியாமா திரும்பிவந்தார். தரம் உயர்ந்தது, வசூலும் குவிந்தது. மூல ஆசிரியரின் முத்திரை இருந்தால்தான் படத்துக்கு மதிப்பு என்றானது. அங்கிருந்து மங்காவின் அத்தியாயங்களையே வெட்டித் திரையரங்குக்கு அனுப்புவதற்கு ஓரடிதான். ‘முகென் டிரெயின்’ படத்தில் வீரன் ரெங்கோகுவின் கடைசிச் சண்டை உருக்கமானது, சந்தேகமில்லை. ஆனால் தொடரைப் பார்க்காதவர்களுக்கு அது தொடக்கமும் முடிவும் இல்லாத நடுப்பகுதி. 155 நிமிட ‘இன்ஃபினிட்டி காசில்’ அதைவிட மோசம். சண்டை சூடுபிடிக்கும்போதெல்லாம் ஒரு முன்கதை குறுக்கிடுகிறது. பக்கம் புரட்டும் வாசகனுக்கு அமைத்த தாளம், இருட்டில் உட்கார்ந்திருப்பவனைச் சோதிக்கிறது. படத்தைத் தயாரித்த யுஃபோடேபிள் நிறுவனத்தின் ஓவியர்கள் மங்காவின் ஒவ்வொரு கட்டத்தையும் பொன்முலாம் பூசித் தருகிறார்கள். மூலத்தை எதிர்த்துப் பேச அங்கே இயக்குநருக்கு இடமில்லை.

அடுத்த மியாசாகி யார் என்று ஆண்டுதோறும் கேட்கிறார்கள். ஊரறிந்த பாத்திரங்களை ஓர் இளம் இயக்குநரிடம் கொடுத்து, தொடருக்குச் சேதமில்லாமல் ஒன்றரை மணி நேரம் இஷ்டம்போல் செய் என்று விட்ட தயாரிப்பு முறைதான் மியாசாகிக்கும் ஓஷிக்கும் ஹாராவுக்கும் வாசல் திறந்தது. மூலக்கதையைத் தொட்டால்தான் டிக்கெட் வாங்குவோம் என்று ரசிகர்கள் அடம்பிடிக்கும்வரை அந்த வாசலைத் திறந்துவைக்க எந்த முதலாளிக்கும் காரணம் இருக்காது.